நீலம்தான் போகுது

காலை ஈரம் உலர்ந்ததும் பூவை வெட்டிவிட வேண்டும். ஈரத்தோடு வெட்டினால் காயவைக்கிற தாளுக்கு நடுவே கறுத்துப்போகும். வெயில் ஏறவிட்டால் சுருண்டுவிடும். அதனால் கணவர் கண் விழிப்பதற்குள் அவள் கத்தரிக்கோலோடு பால்கனிக்குப் போய்விடுவாள். கம்பியில் ஏறிக் கிடந்த சங்குக்கொடியில் அன்றைக்கு விரிந்த நீலம் ஒன்றுவிடாமல் தட்டுக்கு வந்துவிடும். சங்குப்பூவின் ஆயுசே ஒரு பகல். நாம் வெட்டாவிட்டாலும் வாடத்தானே போகிறது என்று தனக்குத்தானே ஒரு நியாயம் வைத்திருந்தாள். வேண்டாத வேலைக்கெல்லாம் நியாயம் மட்டும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடுகிறது.

கொடி அவர் வைத்தது. லிஃப்ட் மெக்கானிக்காக ஊரிலுள்ள மாடியெல்லாம் ஏறி இறங்கிய மனிதர், ஒருநாள் குளியலறையில் சாய்ந்தார். வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னதும் அவர்தான், கொடியைப் பார்க்க வேண்டுமாம். பயிற்சி கொடுக்க வந்தவர் முதல் நாளே, "எதுவரைக்கும் நடக்கணும்? ஒரு இடம் சொல்லுங்க," என்று கேட்டார். இவர் இழுத்து இழுத்து, "பூ வரைக்கும்," என்றார். அந்தப் பயிற்சிக்காரருக்குச் சம்பளம் கொடுப்பதற்காகத்தான் அவள் மெழுகுவத்தி செய்ய இறங்கினாள்.

வழி காட்டியது பரிசுக் கடை வைத்திருக்கிற நாத்தனார். காயவைத்த பூவை வெள்ளை வத்தியின் மேல் வைத்து, சூடான கரண்டி முதுகால் ஒத்தி, உருகிய மெழுகில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் பூ உள்ளிருந்து எட்டிப் பார்க்கும். கடையில் வாங்குகிறவர்கள் யாரும் ஏற்றுவதில்லை, அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு சரி. வீட்டில் ஒரு கரண்டிகூடச் சமையலுக்கு மிஞ்சவில்லை. பால் காய்ச்சினால் மேலே மெழுகு மிதந்தது. அதையெல்லாம் சிரித்துச் சமாளித்துவிடலாம். மஞ்சள் பூ, சிவப்புப் பூ, இலை என்று எல்லாமே வைத்துப் பார்த்தாள். "அண்ணி, மத்ததெல்லாம் அப்படியே கிடக்கு. நீலம்தான் போகுது," என்று நாத்தனார் போனில் சொன்ன நாளிலிருந்து கொடி மொட்டையாகிவிட்டது.

அவர் விழித்ததும் ஜன்னலைத்தான் பார்ப்பார்.

"இன்னைக்கும் பூக்கலையா?"

"இது பூக்குற காலம் இல்லைங்க."

"தண்ணி ஊத்துறியா?"

"ஊத்தாம இருப்பேனா?"

ஒருநாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் விழுந்ததுலேர்ந்து அதுவும் படுத்துடுச்சு," என்றார்.  அவள் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தபோது பார்சல் எடுக்க வந்தவன் மணி அடித்தான். இந்த ஆர்டர் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு ஆர்டருக்குப் பின்னால் இன்னொன்று நின்றது. அவரோ காலைத் தரையில் வைக்கவே மறுத்துவிட்டார். "நடந்து எங்க போகணும்?" என்பார். பயிற்சிக்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கால்ல தெம்பு இருக்கும்மா. மனசுலதான் இல்ல. இப்படியே விட்டா காலும் மறந்துடும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியும் மறுநாள் அவள் பூ வெட்டினாள்.

ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. மெழுகுவத்தி செய்கிற வீட்டில் ஏற்றுவதற்கு ஒரு சாதா வத்தி கிடையாது. அடி உடைந்ததால் ஒதுக்கி வைத்த ஒன்றை அவசரத்தில் ஏற்றி, கட்டிலருகே முக்காலியில் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனாள். திரும்பிப் பார்த்தபோது திரியைச் சுற்றி மெழுகு இறங்கி, வெளிச்சம் உள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. வத்தியைச் சுற்றிலும் சங்குப்பூக்கள், நரம்பு நரம்பாகத் தெரிந்தன. அவர் கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைக்கப் போனவளின் கையை இடது கையால் பிடித்தார்.

"நம்ம பூவா?"

"ஆமாங்க."

"எப்போ?"

"தினமும். நீங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி."

திட்டுவார் என்று நின்றாள். திட்டினால் ஒரு மூச்சு அழுதுவிடலாம் என்றுகூட இருந்தது. அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது.

"அப்போ பூத்திருக்கு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "தினமும் பூத்திருக்கு."

மறுநாள் கத்தரிக்கோல் ஆணியிலேயே தொங்கியது. அவர் விழித்தபோது ஜன்னல் முழுக்க நீலம். "பிடி," என்றார். பயிற்சிக்காரர் வரட்டும் என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அவள் தோளைப் பற்றிக்கொண்டு இரண்டு காலையும் தரையில் ஊன்றி எழுந்தார். நின்றார். வலது காலை எடுத்து வைக்கப் பார்த்தார், முழங்கால் மடிந்தது. அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பரவாயில்ல. இங்கேர்ந்தே தெரியுது," என்றார்.

அந்தப் பரவாயில்லை என்ற வார்த்தையை அவளால் தாங்க முடியவில்லை. சமையலறையில் போன் அடித்தது, நாத்தனாராக இருக்கும். அவள் எழுந்திருக்கவில்லை. வெயில் கம்பியைத் தாண்டி ஏறியது. ஒவ்வொரு பூவாகச் சுருள ஆரம்பித்தது. ஊன்றிய அவர் வலது கால், விரல்கள் பால்கனியைப் பார்த்தபடி, தரையிலேயே இருந்தது.