பாதாம் மரத்து ஸ்பீக்கர்

எனக்குக் கடல் என்றால் பயம். மீனவன் மகன், அதுவும் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த தீவில் குடியிருப்பவன், இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். நானும் முயன்று பார்த்தேன், வெட்கம் வரவில்லை. சென்னையில் கப்பல் ஏறியதிலிருந்து போர்ட் பிளேயர் வந்து இறங்கும்வரை மூன்று நாளும் வாந்தி எடுத்தவன் நான். ஊருக்குத் திரும்ப வேண்டுமானால் மறுபடி அதே கப்பலில் ஏற வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக அந்தமான்வாசி ஆனேன். போர்ட் பிளேயரின் லம்பா லைன் பகுதியில் ஒரு தகர ஷெட் போட்டுப் படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிறேன். படகுக்காரர்கள் இன்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் கடலிடம் போக வேண்டியதில்லை.

இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை பெருத்துவிட்டதால், எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு முதல் வாசகம் படிக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. பக்தி காரணமில்லை. “மைக் கெட்டுப்போனாலும் கஸ்பார் கெட்டுப்போக மாட்டான்” என்று ஃபாதர் சொல்லிவிட்டார். இதில் பின்பாதி பற்றி என் மனைவி பெனிட்டாவுக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

2006 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கோயிலின் வாசகப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. அதனால் வாராவாரம் ஃபாதர் ஒரு சீட்டில் அதிகாரமும் வசன எண்ணும் எழுதித் தருவார். அதைப் பார்த்து நான் வேதாகமத்திலிருந்து படிப்பேன். அன்று வந்த சீட்டில் யோபு, முப்பத்தெட்டாம் அதிகாரம், வசனம் ஒன்று, பிறகு எட்டு முதல் பதினொன்று வரை என்றிருந்தது.

கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன். எல்லாவற்றையும் இழந்து புலம்பிக் கிடக்கிற யோபுவிடம், புயலுக்குள்ளிருந்து கடவுள் பேசுகிற இடம். கடலுக்குக் கதவு வைத்தது யார், தாழ்ப்பாள் போட்டது யார், இதுவரைக்கும்தான் வரலாம், உன் அலையின் திமிரெல்லாம் இங்கே அடங்கட்டும் என்று அதற்கு உத்தரவு போட்டது யார் என்று கேட்கிறார்.

சுனாமி வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. இதை நான் மைக்கில் படிக்க வேண்டும். என் அக்கா கேட்டுக்கொண்டிருப்பாள்.

அக்கா பெயர் ஞானசெல்வி. டெர்வின் அத்தானைக் கட்டிக்கொண்டு, தெற்கே இன்னொரு தீவில், ஹட்பேயில் இருந்தாள். 2004இல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு. எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள்; வலையைத் தொடக்கூட மாட்டார்கள். ஆனால் பண்டிகைக்கு மறுநாள் மார்க்கெட்டில் மீனே இருக்காது, ஒரு நடை போய்விட்டு வருகிறேன் என்று அத்தான் அடம்பிடித்திருக்கிறார். அக்கா விடவில்லை. இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிற குழாயைக் கழற்றி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். அவர் வீடெல்லாம் தேடி, சிரித்து, கடைசியில் தோற்று, “சரி, படகையாவது பாத்துட்டு வாறேன்” என்று கரைக்குப் போனார். நிலம் ஆடியது. பிறகு கடல் வந்தது.

அன்று விடியுமுன்பே ஆழத்துக்குப் போயிருந்த தெலுங்குக்காரர்களின் டிங்கிப் படகுகள் இரண்டு, மதியம் பத்திரமாகத் திரும்பி வந்தன. ஆழத்தில் ஒன்றுமே தெரியவில்லையாம். படகை யாரோ கொஞ்சம் தூக்கி வைத்த மாதிரி இருந்ததாம்.

“ஆண்டவரு நாள நான் காப்பாத்துனேன்லா?” என்று அக்கா ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். “எம் புருசன அவரு காப்பாத்தல. நாங்க ரெண்டு பேரும் இனி பேச்சு இல்ல.”

போர்ட் பிளேயருக்கு வந்தாள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்தாள். டெலானிபூரில் ஒரு நர்சிங் ஹோமின் பிரசவ வார்டில் ஆயா வேலை. கோயிலுக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் வருவாள். கோயிலுக்கு வெளியே பாதாம் மரத்தடியில் ஒரு சிமெண்ட் மேடை உண்டு. மழையானால் குடையோடு அதில் உட்கார்ந்திருப்பாள். தலைக்கு மேலே, மரத்தில் கட்டிய ஸ்பீக்கர். ஏன் வருகிறாய் என்று கேட்டால், “எந் தம்பி எத்தன தப்பு விடுதான்னு கேக்க வாறேன்” என்பாள். பூசை முடிந்ததும் பட்டியலைச் சொல்லவும் செய்வாள். எந்த வாரமும் மூன்றுக்குக் குறைந்ததில்லை.

சீட்டைப் பெனிட்டாவிடம் காட்டினேன். படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

“இங்கேருங்க, அண்ணி ஒரு நூல்லதான் தொங்கிட்டு இருக்காங்க. நீங்க உங்க பெரிய தொண்டைய வச்சு அத அறுத்துறாதீங்க. போயி ஃபாதர்ட்ட பேசுங்க.”

ஃபாதர் ராஞ்சிக்காரர். எங்களுக்காக மூன்று வருடத்தில் தமிழ் படித்தவர். நான் போனபோது மேற்கூரை ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் வாளி வைத்துக்கொண்டிருந்தார்.

“ஃபாதர், நாளைக்கு வேற வாசகம் குடுங்க.”

“க்யூன், ஏன்? எழுத்து சின்னதா இருக்கா?”

“அக்கா கேப்பாங்க ஃபாதர். கடலுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்னு ஆண்டவர் சொல்றது காதுல விழுந்தா, அடுத்த வாரம் மரத்தடிக்குக்கூட வரமாட்டாங்க.”

அவர் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தார். “நான் செலக்ட் பண்ணல கஸ்பார். நாளைக்கு உலகம் பூரா எல்லாக் கோயில்லயும் இதுதான்.”

“உலகம் பூரா எங்க அக்கா இல்லையே.”

“அரே பாய், நீ போஸ்ட்மேன். லெட்டர் குடுக்கிறது உன் வேலை. பிரிச்சுப் படிச்சுட்டு நீயே அழுறது உன் வேலை இல்ல.”

போஸ்ட்மேன்தான். ஆனால் வேண்டாத கடிதத்தைச் சாக்கடையில் போட்டுவிட்டுப் போகிற போஸ்ட்மேனும் உலகத்தில் உண்டு.

மறுநாள் பூசைக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போனேன். ஏணி வைத்து ஏறி, மரத்து ஸ்பீக்கருக்குப் போகிற வயரில் ஒரு முழத்தை வெட்டி எடுத்தேன். இருபது வருட மெக்கானிக். எதைக் கழற்றினால் எது நிற்கும் என்று எனக்குத் தெரியும். அரிசி டின் பக்கத்தில் இல்லாததால் சட்டைப் பைக்குள் ஒளித்தேன். இது யார் பழக்கம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பூசை தொடங்கியது. என் முறை வந்ததும் எழுந்து போய்ப் புத்தகத்தை விரித்து, தைரியமாக நிமிர்ந்து பார்த்தேன். கோயில் வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

மடக்கிய குடை கையில். ஒரு கால் படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டதால் என் தப்பைக் கேட்க எழுந்து வந்திருக்கிறாள். ஒன்றரை வருடமாக ஃபாதரும் பெனிட்டாவும் கெஞ்சியும் நடக்காத காரியம், நான் ஒரு முழம் வயரைத் திருடியதால் நடந்திருக்கிறது. அதுவும் இன்றைக்குப் பார்த்து.

சீட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. முதல் வசனத்தில் ஆரம்பித்தேன். அதிலிருந்து எட்டுக்குத் தாவ வேண்டும் என்பது அடியோடு மறந்துபோய், பிரேக் அறுந்த ஆட்டோ மாதிரி இரண்டு, மூன்று, நான்கு என்று ஓடினேன். நான் பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று கடவுள் கேட்டார். அதற்கு அளவு பிடித்தது யார், விடியல் நட்சத்திரங்கள் கூடிப் பாடினபோது யார் கேட்டது என்று கேட்டார். அப்போது பார்த்து மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் மைக்கால் ஒன்றும் செய்ய முடியாது. கத்தினேன். கடல் ஒரு பிள்ளை மாதிரி வயிற்றிலிருந்து பீறிட்டு வந்ததை, அதற்கு மேகத்தை உடுத்தி, காரிருளைத் துணியாகச் சுற்றியதை, கதவை, தாழ்ப்பாளை, எல்லாவற்றையும் கத்தினேன். முடிவில் ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்று சொல்ல மறந்து அப்படியே நின்றேன். ஃபாதர் இருமினார்.

மறுபடி வாசலைப் பார்த்தேன். அக்கா இல்லை.

அதற்குப் பிறகு பூசையில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நூல் அறுந்துவிட்டது என்று பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை விட்டு, பூசையும் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே ஓடினேன்.

அக்கா மரத்தடியில்தான் இருந்தாள். அண்ணாந்து, மரத்திலிருந்து தொங்குகிற வயர் நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

“ஏலே, இங்க வா. சட்டப் பையக் காமி.”

காட்டினேன்.

“எதுக்குல வெட்டுன?”

“மழைல ஷார்ட் ஆயிரும்னு...”

“மழ இப்பத்தான வந்துச்சு. நீ நேத்தே ஏணி கேட்டியாம, பெனிட்டா சொன்னா.” குடையை உதறினாள். “நான் கேட்டா தாங்கமாட்டேன்னு நெனச்ச. அதான?”

“ஆமாக்கா.”

“பேறுகால வார்டுல வேல பாக்கேன்ல. நான் கேக்காத சத்தமா?”

இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் மெல்ல, “இன்னைக்கு எத்தன தப்புக்கா?” என்றேன்.

“ஏழு. ஆனா அந்த ‘நீ எங்க இருந்த’ன்னு வந்துச்சே...”

“அது சீட்டுலயே இல்லக்கா. பதட்டத்துல நானா படிச்சுட்டேன்.”

“இருக்கட்டும்.” மேடையில் உட்கார்ந்தாள். “ஒன்றர வருசமா நான் அவருட்ட அதத்தாம்ல கேட்டுட்டு இருக்கேன். அன்னைக்குக் காலைல நீரு எங்க இருந்தீருன்னு. பதிலு சொல்லுவாருன்னு பாத்தா, நீ எங்க இருந்தன்னு என்னத் திருப்பிக் கேக்காரு.” அவள் உதடு லேசாக நெளிந்தது. “ஒங்க அத்தான் இப்படித்தான். இம்புட்டு நேரம் எங்க போனியன்னு கேட்டா, நீ எங்க போயிருந்தன்னு கேப்பாக. சண்டையில ஒரு நா நேரா பதிலு சொன்னதில்ல மனுசன்.”

அத்தானைப் பற்றி அழாமல் அவள் பேசிக் கேட்டது அன்றுதான்.

“அது ஒரு பதிலாக்கா?”

“பதிலு இல்ல. ஆனா எம்மேல கோவப்பட்டுக் கேள்வி கேக்காருன்னா, பேச்ச முறிச்சுக்கிடலன்னுதான அர்த்தம். நான்தான் முறிச்சுட்டேன்.” பிறகு என்னைப் பார்த்தாள். “அந்தத் துணி சுத்துறது நெசமாவே போட்டிருக்கா? நீயா சேத்து விட்டியா?”

“நெசமாவே இருக்குக்கா.”

“கடலு பெறந்த புள்ள, இருட்டு அதுக்குத் துணி...” என்று முணுமுணுத்தாள். கைகள் அவளறியாமல் மடியில் எதையோ சுற்றின. இடது பக்கம் மடித்து, வலது பக்கம் மடித்து, கீழே செருகி. “நாள் ஒண்ணுக்கு நாலு புள்ளையச் சுத்துதேன். எம்புட்டு இறுக்கிச் சுத்துனாலும் ஒரு கால வெளிய நீட்டி ஒதைக்கத்தான் செய்யும். நான் எந்திச்சுப் போயி மறுபடி சுத்துவேன். அன்னைக்கு அவரு வரப் பிந்திட்டாரு. அதுல எம் புருசன் போயிட்டாக. அத நான் விடமாட்டேன். கேப்பேன்.”

“கேளுக்கா.”

“கேப்பேன்ல. உள்ள போயித்தான் கேக்கணும். வெளிய உக்காந்து மொறைச்சா அது சண்டையா? மூஞ்சப் பாத்துக் கேக்கணும்.”

அழுகை வருகிற நேரத்தில் நான் எப்போதும் கருவிப் பெட்டியைத் தேடுவேன். “அப்ப வயர மாட்டிரட்டா?” என்று ஏணிப் பக்கம் திரும்பினேன்.

“மாட்டாத.”

“ஏங்க்கா?”

“எனக்கு ஒரேயடியா தைரியம் வராது. இது பேசுச்சுன்னு வையி, அடுத்த வாரம் நான் பாட்டுக்கு இங்கனயே உக்காந்துருவேன்.” குடையை ஊன்றி எழுந்தாள். “ஊமையாவே கெடக்கட்டும்.”

அடுத்த ஞாயிறு வாசல்படியில் நின்றாள். அதற்கடுத்த ஞாயிறு மழை சாய்ந்து அடித்ததால் ஓரடி உள்ளே. ஜூலையில் கடைசி பெஞ்சின் ஓரம், எப்போது வேண்டுமானாலும் கோபித்துக்கொண்டு எழுந்து போகத் தோதாக. எல்லோரும் முழங்கால் போடும்போது அவள் மட்டும் உட்கார்ந்தபடி பீடத்தைப் பார்த்து உதட்டை அசைப்பாள். அது ஜெபம் இல்லை என்பது பார்த்தாலே தெரியும்.

ஸ்பீக்கரைப் பற்றி யார் கேட்டாலும், பார்ட் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும் என்றேன். இந்தத் தீவில் அந்த வாக்கியத்தைச் சந்தேகப்பட்டவர் இதுவரை யாரும் இல்லை. வெட்டிய வயர் எங்கள் வீட்டு அரிசி டின்னில் இருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு நாள் ஃபாதர் என் ஷெட்டுக்கு வந்தார். ஒரு கவிழ்ந்த இன்ஜின் மேல் உட்கார்ந்து டீ குடித்தார்.

“கஸ்பார், பார்ட் வந்துச்சா?”

“இல்ல ஃபாதர். கடல் ரஃப்பா இருக்காம். கப்பல் லேட்.”

டம்ளரை வைத்தார்.

“டீக் ஹை, சரி,” என்றார். “கடல் அவர் கையில்தானே இருக்கு. ஞானசெல்வி முன் பெஞ்சுக்கு வர்ற வரைக்கும் கொஞ்சம் ரஃப்பாவே வச்சிருக்கச் சொல்லி நானும் கேட்டிருக்கேன்.”