சந்தனமேரியின் ஞாயிற்றுக்கிழமைகள்

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஜூலை முதல் ஞாயிறு காலை எட்டரை மணிக்கு, புதுக்கோட்டையில் நர்சாக வேலை பார்த்த சந்தனமேரி வெவ்வேறு சபைகளின் மூன்று சர்ச்சுகளில் ஒரே நேரத்தில் இருந்தாள். ஆவூரில் அப்பாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டுப் பூசை கண்டாள். பொன்னமராவதியில் கணவன் ஞானராஜின் பரம்பரை ஆலயத்தில் அவனோடு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினாள். புதுக்கோட்டையில் செல்போன் கடை மாடியிலிருந்த ஜெபவீட்டில் மகள் பிளெஸ்ஸியோடு கை தட்டினாள். மூன்று இடத்திலும் அதே மாம்பழக் கலர் புடவை. பார்த்தவர்கள் இருக்கிறார்கள், போட்டோவும் இருக்கிறது.

அதுவரை முறை வைத்துத்தான் போய்வந்தாள். எங்கே போனாலும் மற்ற இரண்டு இடத்தில் முகம் வாடியது. அப்பா ஆவூர்க் கோயிலில் நாற்பது வருடம் மந்திரம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாராக இருந்தவர். "நான் கண்ண மூடுற வரைக்கும் பூசைய விட்டுறாத" என்றுதான் அவளைக் கட்டிக்கொடுத்தார். ஞானராஜின் தாத்தா அந்த ஆலயம் கட்டக் கல் சுமந்தவர். அந்தப் பெஞ்சில் தன் பக்கத்து இடம் காலியாகக் கிடப்பதை அவனால் பார்க்க முடியவில்லை. பிளெஸ்ஸிக்கு ஏழு வயதில் டெங்கு வந்தபோது ஜெபவீட்டு ஆட்கள் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை பிழைத்தால் சாகிறவரை வருவதாக அங்கே பொருத்தனை பண்ணியவள் சந்தனமேரியேதான். மூன்று பேர் கேட்டதிலும் அநியாயம் ஒன்றும் இல்லை. அதுதான் அவளை அதிகமாக அலுக்க வைத்தது.

ஒருத்தி மூன்று பேரானதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஆவூர்ச் சாமியார், முன்பும் சில புனிதர்களுக்கு இப்படி நடந்ததுண்டு என்றார். பொன்னமராவதி ஆயர் வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே டிக் போட்டார். ஜெபவீட்டுப் பாஸ்டர், தேவைக்குத் தக்கபடி ஆண்டவர் தருவார் என்று முடித்துக்கொண்டார். கஷ்டமெல்லாம் பிற்பாடுதான். ஞாயிறுதோறும் மதியம் இரண்டு மணிக்கு மூன்று சந்தனமேரிகளும் ஒரே வீட்டு வாசல் வழியாக வந்து, ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒருத்தியாவார்கள். மூன்று பேருக்கும் பசித்திருக்கும், வயிறு ஒன்றுதான். ஆவூரின் முழங்கால் வலி, பொன்னமராவதியின் தொண்டைக் கட்டு, ஜெபவீட்டின் உள்ளங்கை எரிச்சல் எல்லாம் ஓர் உடம்பில் வந்து சேரும். திங்கட்கிழமை உட்கார்ந்துகொண்டே ஊசி போடுவாள். வாரத்துக்கு இரண்டு நாள் கூடுதலாக வாழ்ந்ததில், ஆறு வருடத்தில் மற்றவர்களைவிட இருபது மாதம் முன்னால் போய்விட்டாள். தலை பாதி நரைத்துவிட்டது.

"எதையாச்சும் ஒண்ண முடிவு பண்ணு, மேரி. இப்படியே போனா ஒடம்பு தாங்காது" என்றான் ஞானராஜ்.

"ஒண்ணுன்னு சொன்னா, மத்த ரெண்டு எடத்துலயும் நான் செத்த மாதிரிங்க."

"எனக்காக இல்லாட்டியும் ஒனக்குன்னு ஒரு எண்ணம் இருக்கும்ல?"

அவள் தேடிப் பார்த்தாள். அப்பா தெரிந்தார். ஞானராஜ் தெரிந்தான். பிளெஸ்ஸி தெரிந்தாள். சாமியை மட்டும் காணவில்லை.

இரண்டாயிரத்து இருபத்துநான்கு அக்டோபரில் ஒரு புதன்கிழமை, டூட்டி ரூமில் அவள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவள் இசைவாணி; மணமேல்குடியில் ஒரு சின்னச் சபையைத் திறந்து பெருக்குகிறவள்.

"போன வாரம் வரலியேக்கா, ஒடம்பு சரியில்லையா?"

போன ஞாயிறு சந்தனமேரிக்கு டூட்டி. மூன்று பேரில் ஒருத்தியும் எந்தச் சர்ச்சுக்கும் போகவில்லை. "நான் அங்கிட்டு வந்ததே இல்லியேம்மா" என்றாள்.

"மூணு வருசமா வாரீங்க. இந்த நம்பரே நீங்க குடுத்ததுதான்."

"வந்து என்ன செய்வேன்?"

"ஒண்ணும் செய்ய மாட்டீங்க. கடேசி பெஞ்சுல செவுத்துல சாஞ்சு தூங்குவீங்க. எழுப்ப வேணாம்னு போதகர் சொல்லிட்டாரு. முடிஞ்சதும் எந்திரிச்சு, வாரேன்னு சொல்லிட்டுப் போவீங்க."

சந்தனமேரி பாதி இட்லியோடு டிபன் டப்பாவை மூடினாள்.

அடுத்த ஞாயிறு யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ் பிடித்து, அறந்தாங்கியில் மாறி, மணமேல்குடி போனாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இருபது குடும்பம், மைக் இல்லை. கடைசிப் பெஞ்சில் அவளே தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தன் முகம் இத்தனை களைத்திருக்கும் என்று சந்தனமேரிக்கு எந்தக் கண்ணாடியும் காட்டியதில்லை. பக்கத்தில் போய் நின்றாள். தூங்கியவள் கண்ணைத் திறக்காமலே நகர்ந்து இடம் விட்டாள். போதகர் அரவிந்த்குமார் சங்கீதம் ஒன்றைப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல வாசித்துக்கொண்டிருந்தார். கடற்காற்று வந்தது. சந்தனமேரி தன் தோளிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

விழித்தபோது பெஞ்சில் அவள் ஒருத்திதான் இருந்தாள். இசைவாணி பெருக்கிக்கொண்டிருந்தாள். சபையில் சேர என்ன செய்ய வேண்டும் என்று சந்தனமேரி அவளிடம் கேட்டாள்.

அதன் பிறகு ஆவூருக்கும் பொன்னமராவதிக்கும் ஜெபவீட்டுக்கும் எந்தச் சந்தனமேரியும் போகவில்லை. அப்பா, ஞானராஜ், பிளெஸ்ஸி மூவரிடமும் அவளே நேரில் சொன்னாள். "அங்கிட்டு ஒன்ன யாரு கூட்டிட்டுப் போனது?" என்று அப்பா கேட்டார். "யாரும் கூட்டிட்டுப் போகலப்பா. நானாத்தான் போயிருக்கேன்" என்றாள்.  நான்கு மாதம் கழித்துத்தான் அவர் போன் பண்ணி, கடற்கரைப் பக்கம் வெயில் எப்படி என்று மட்டும் விசாரித்தார். ஞானராஜ் பெஞ்சில் தன் பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொள்ளப் பழகினான். அந்தப் பொருத்தனை என்னாவது என்று கேட்டுப் பிளெஸ்ஸி அழுதாள். 

இப்போது பிரசங்கத்தில் பாதிக்கு மேல் விழித்திருக்கிறாள். சேர்க்கைப் படிவத்தில் முந்தைய சபை என்ற இடத்தில் ஒரு வரிதான் இருந்தது; என்ன எழுதுவது என்று அவள் யோசித்தபோது, அதை விட்டுவிட்டு அவள் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்றார் போதகர். சேர்ந்த தேதியை அவரே நிரப்பினார். இரண்டாயிரத்து இருபத்தொன்று நவம்பரில் அவள் முதன்முதலாக அங்கே வந்து தூங்கிய ஞாயிறு அது. பதிவேட்டைப் பார்த்த இருபது குடும்பத்தில் ஒருவரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை.