நடக்க முடியாதோர் பட்டியல்

ஜப்பானில் அணு உலை வெடித்து ஒரு வருடம் கழிந்த பிறகுதான் எங்கள் ஊருக்குப் பயம் வந்து சேர்ந்தது. எங்கள் ஊருக்கு எல்லாமே பிந்தித்தான் வரும். மின்சாரம் இன்னும் வரவில்லை. அக்கரையில், இந்தியாவின் தென்கோடியில், கடலோரமாக ஓர் உலை கட்டி முடித்துத் திறக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. அது வெடித்தால் மன்னார்க் கரைக்கு என்ன நடக்கும் என்று சனம் கேட்கத் தொடங்கியதும், அந்தோனியார் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள்.

அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்திருந்தார். நல்ல தமிழ், நல்ல சப்பாத்து. மண்டபத்தின் பின்சுவரோடு சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் நின்று, பேசுகிற ஒவ்வொருவரையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கலியாண வீட்டுக்கும் அவர்கள் வருவார்கள் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை.

"முதலில் ஒன்று சொல்கிறேன், ஒன்றும் நடக்காது" என்று தொடங்கிய உத்தியோகத்தர், நடந்தால் என்ன செய்வது என்று ஒரு மணித்தியாலம் சொன்னார். கதவு யன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டுமாம்.

"எங்கட வீட்டில யன்னல் இல்லை ஐயா, ஓட்டைதான் இருக்கு. அதை எப்பிடிச் சாத்துறது?" என்று கேட்டாள் என் பக்கத்து வீட்டு மாக்கிறட். நாங்கள் மீளக்குடியேறி இரண்டு வருடமாகத் தகரக் கொட்டில்களில்தான் இருக்கிறோம்.

கடலில் ஐம்பது வருடம் கிடந்த யோசேப் எழும்பினார். "சோளகக் காத்து எழும்பினால் அங்கயிருந்து இஞ்ச வர எவ்வளவு நேரம்?" என்றார்.

"அது பல காரணிகளைப் பொறுத்தது, ஐயா."

"எங்களைக் கேட்டால் சொல்லுவம். அங்கால எறியிற பிளாஸ்ரிக் போத்தல் எல்லாம் எங்கட கரையிலதான் வந்து கிடக்கு. போத்தலுக்குத் தெரிஞ்ச பாதை காத்துக்குத் தெரியாதோ?"

சனம் சிரித்தது. அப்போதுதான் மனோன்மணி கேட்டாள். பதினெட்டு வருடம் தமிழ்நாட்டு முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள் அவள். "இஞ்ச ஷெல் விழேக்க நாங்கள் இந்தியாவுக்கு ஓடினனாங்கள். அங்க வெடிச்சால் எங்க ஓடுறது?"

உத்தியோகத்தர் வரைபடத்தில் விரலை வைத்து, "கிழக்கே" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டாயிரத்து எட்டில் இந்தக் கரையை விட்டு எழும்பிக் கிழக்கே, இன்னும் கிழக்கே என்று நடந்துதான் முள்ளிவாய்க்காலில் போய் முடிந்தோம். அந்த மனிதருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் அவருடைய வரைபடத்தில் அந்தத் திசை வெறும் திசையாகத்தான் இருந்தது.

நான் கை உயர்த்தினேன். "நடக்க ஏலாத ஆக்களை என்ன செய்யிறது?"

"நல்ல கேள்வி" என்று மகிழ்ந்துபோனார். ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும், தலைப்பு 'நடக்க முடியாதோர்'. அவர்களை ஏற்ற ட்ரக்டர் வரும். அடுத்த சனிக்கிழமை காலை ஓர் ஒத்திகை நடக்கும், விசில் ஊதியதும் எல்லோரும் வெளியேறி, மூன்று கிலோமீற்றரில் இலுப்பைக்கடவை வீதியில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். கேள்வி கேட்ட குற்றத்துக்காக, கடற்கரைக்கு இறங்கும் எங்கள் சிறு தெருவுக்கு, எங்கள் ஒழுங்கைக்கு, என்னையே தலைவியாகப் போட்டு, ஒரு சிவப்புத் தொப்பியும் விசிலும் தந்தார்கள். எட்டுத் தரம் இடம்பெயர்ந்தவளுக்கு ஓடுவதற்குப் பயிற்சி.

பட்டியலில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு பெயர்தான். பஸ்ரியன், வயது ஐம்பத்திரண்டு, என் கணவர்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் எல்லாவற்றையும் கேட்டார். உலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பெட்டியில இடம் இருக்குமோ?" என்றார். பெட்டி என்று அவர் சொன்னது ட்ரக்டரின் பின்னால் பூட்டுகிற பெட்டியை.

"உங்களுக்கெண்டுதான் ட்ரக்டரே வருது" என்றேன். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

அவருடைய அண்ணன் யாகப்பு, எனக்கு அத்தான். கடைசி யுத்தத்தில், புதுக்குடியிருப்புக்குக் கிட்ட ஒரு தென்னங்காணியில் நாங்கள் மூவரும் பங்கர் வெட்டி இருந்தபோது, அத்தானுக்குத் தொடையில் காயம். நடக்க முடியாது. அன்று காலை பக்கத்துக் குடும்பத்தின் லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன ட்ரக்டர் புறப்பட்டது. அதன் பெட்டியில் எங்களுக்கென்று ஒரு மூலை தந்தார்கள், ஓர் ஆள் கால் நீட்டி இருக்கிற அளவு. அந்த மூலையில் என் தையல் மெஷின் நின்றது. முதல்நாளே நான் ஏற்றிவிட்டிருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அந்த மெஷின்தான் எனக்கு எல்லாம். அதை இறக்கிவிட்டு அத்தானை ஏற்றியிருக்கலாம். சாமான்களை முதலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்ப வந்து அவரை ஏற்றலாம் என்று நான்தான் சொன்னேன். அத்தானிடம் குனிந்து, "இருங்கோ, வாறம்" என்றேன். அவர் ஓம் என்று தலையாட்டினார்.

லான்ட்மாஸ்டர் திரும்பவில்லை. அடுத்த நாள் விடியப் பஸ்ரியன் நடந்தே அண்ணனைத் தேடிப் போனார். பாதி வழியில் ஷெல் துண்டு முதுகெலும்பில் ஏறியது. அவரை யாரோ தூக்கி வந்தார்கள். அத்தானிடம் யாரும் போகவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த மெஷின் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் என்னோடு எல்லா இடமும் வந்து, செட்டிகுளம் முகாமிலும் இருந்து, இப்போது பஸ்ரியனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதில் தைத்துத்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். மூன்று வருடத்தில் ஒரு நாளும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்தக் கிழமை அவர் மாறிப்போனார். வளவை விட்டு அவர் வெளியே போய் வருடக்கணக்கு. நிறுவனம் ஒன்று தந்த சக்கர நாற்காலி எங்கள் மணலில் இரண்டடி போனால் சில்லுப் புதைந்துவிடும். இப்போது ட்ரக்டரில் ஏறிப் பெருவீதியைப் பார்க்கப் போகிறார். பள்ளிக்கூடத்தில் யார் யார் வருவார்கள் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சவரம் செய்துவிடச் சொன்னார். கலியாணத்துக்குப் போட்டதைப் போல நீலத்தில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன், பொத்தான்களைத் தானே பூட்டினார். உலகம் அழியப் போகிற ஒத்திகைக்கு மாப்பிள்ளை மாதிரி வெளிக்கிட்ட ஒரே மனிதர் என் மனிதராகத்தான் இருப்பார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இந்த முறை விடமாட்டேன் என்று மாதாவுக்கு முன்னால் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு விசில் ஊதினேன். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் சனத்தில் ஒருவர்கூட இதை ஒத்திகை என்று நம்பவில்லை. கையை வீசிக்கொண்டு வாருங்கள் என்று உத்தியோகத்தர் எத்தனை தரம் சொன்னார். சூடு கண்ட பூனைகளிடமா சொல்வது? "இரண்டு நாளில் திரும்பலாம்" என்று சொல்லித்தானே எங்களை எட்டுத் தரம் எழுப்பினார்கள். கூரைத் தகரத்தைக் கழற்றிக் கட்டியிருந்தார்கள். காணி உறுதி, நீர் இறைக்கும் மோட்டர், கூட்டோடு கோழி, வலை, அரிசி மூடை, அந்தோனியார் சுரூபம். மனோன்மணி இந்திய முகாம் அட்டையைக்கூட எடுத்து மார்புக்குள் வைத்திருந்தாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. வெடிச்சிட்டுதோ?" என்று என் கையைப் பிடித்தாள்.

"இல்லையடி, ஒத்திகை."

"அப்ப ஏன் ட்ரக்டர் வருது?"

ஒழுங்கையின் மேல்தலைப்பில் ட்ரக்டர் நுழைந்ததும் சனம் சாமான்களை ஏற்றத் தொடங்கியது. ஓட்டி வந்த றொபேட் நல்ல பெடியன், தடுக்கத் தெரியாதவன். நான் ஓடிப்போய், "கடைசி வீட்டில ஆள் ஏத்த வேணும், ஒரு இடம் விடு" என்றேன். ஓமக்கா என்றான். இடம் விட்டும் வைத்தான், என் கண்ணால் பார்த்தேன். ஓர் ஆள் கால் நீட்டி இருக்கிற அளவு.

எங்கள் வீடு ஒழுங்கையின் கடல்பக்கக் கடைசி. ட்ரக்டர் அங்கே போகிறதைப் பார்த்துவிட்டு, அந்தக் கிழமைதான் ஆஸ்பத்திரியில் குடல்வால் வெட்டிவிட்டு வந்த யோசேப்பைக் கைத்தாங்கலாகக் கூட்டிவரப் போனேன். ஐந்து நிமிடம் இருக்காது. திரும்பிப் பார்த்தபோது ட்ரக்டர் எங்கள் வாசலில் திரும்பி, என்னைக் கடந்து, வீதிப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. பெட்டியின் பின்மூலையில் என் தையல் மெஷின் நின்றது.

நான் விசிலை ஊதினேன். மூச்சு முட்ட ஊதினேன். விசில் என்றால் ஓடு என்றுதானே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். றொபேட் இன்னும் வேகமாகப் போனான்.

பஸ்ரியன் வாசற்படியில், இரண்டு தலையணைக்கு நடுவில், நீலச் சட்டையோடு இருந்தார். மடியில் ஒரு பை. மாக்கிறட் பெருமையோடு நின்றாள். "உனக்குக் கை ஓயேல்லை எண்டு நானும் பெடியளும் மெஷினைத் தூக்கி ஏத்திப்போட்டம். உன்ர சீவியமே அதுதானே" என்றாள். அவளை என்ன சொல்லி ஏசுவது?

"ஏன் விட்டனீங்கள்?" என்று இவரைக் கேட்டேன்.

"அவங்களுக்கு அவசரம். நீ போ, தலைவி இல்லாமல் கணக்கெடுக்க மாட்டினம். ஒத்திகைதானே."

பள்ளிக்கூடத்துக்குப் போய் றொபேட்டைத் திருப்பி அனுப்ப ஒரு மணித்தியாலம் போதும் என்று நினைத்தேன். குனிந்து அவருடைய கொலரைச் சரிசெய்தேன். "இருங்கோ, வாறன்" என்றேன்.

பிரதான வீதிக்கு ஏறிய பிறகுதான் என் வாய் என்ன சொன்னது என்று எனக்கே கேட்டது. கால் நின்றுவிட்டது. பின்னால் ஒழுங்கைச் சனம் முழுவதும் என் சிவப்புத் தொப்பியைப் பார்த்துக்கொண்டு வந்தது, நான் நின்றதும் அவர்களும் நின்றார்கள். கோழிகள் மட்டும் கத்தின. நான் திரும்ப நடந்தேன்.

திரும்ப நடந்தேன் என்று எழுத எனக்கு ஆசை. நடந்தது வேறு. முன்னால்தான் நடந்தேன்.

பள்ளிக்கூட முற்றத்தில் ட்ரக்டரைச் சுற்றி அடிபிடி. இறக்கி முடிய மத்தியானமாகும் என்றான் றொபேட். "நான் இடம் வச்சிருந்தனான் அக்கா. மாக்கிறட் அக்கா மெஷினைக் கொண்டந்தா. நான் பஸ்ரியன் அண்ணையைப் பாத்தன், ஆள் ஏறுறதோ மெஷின் ஏறுறதோ எண்டு. மெஷின் போகட்டும், நான் பிறகு வாறன் எண்டார்" என்று சொன்னான்.

உத்தியோகத்தர் கதிரையில் இருந்து படிவத்தை நிரப்பினார். ஒரு மணித்தியாலம் முப்பத்தெட்டு நிமிடத்தில் முழு ஒழுங்கையும் வெளியேறியது, மாவட்டத்திலேயே நல்ல நேரமாம். 'நடக்க முடியாதோர் – 1' என்ற இடத்துக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்.

"கொண்டுவரேல்லை ஐயா. வீட்டில இருக்கிறார்."

பிறகு, "பரவாயில்லை, வீட்டுக்குள் இருப்பதும் ஒரு பாதுகாப்பு முறைதான்" என்று சொல்லி, 'உள்ளிருப்பு' என்று அழகாக எழுதினார். கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஏட்டுச் சுரைக்காய் என்று தெரிந்தும் போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு பேச்சு, ஒரு நன்றியுரை, பணிசும் தேத்தண்ணியும். தலைவிகளை மேடைக்குக் கூப்பிட்டுப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

மூன்று மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். வழியில் எல்லோரும் கழற்றின தகரத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டினார்கள். றொபேட் எனக்கு முன்னாலேயே மெஷினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தான். அது பழைய இடத்தில் நின்றது. பஸ்ரியன் அதே படியில், அதே தலையணைகளுக்கு நடுவில் இருந்தார். வெயில் படிக்கு வந்து, அவரைக் கடந்து போயிருந்தது. நீலச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். எனக்காகத்தான் அழுதேன். அவர் என் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி ஒரு பக்கத்தில் வைத்தார்.

"அடுத்த முறை பட்டியலில என்ர பேரை எழுதாத" என்றார்.

"ஏன் மெஷினை ஏத்தச் சொன்னனீங்கள்?"

"அண்ணன் எப்பிடி இருந்திருப்பார் எண்டு பாக்க வேணும் போல இருந்தது."

கடலிலிருந்து காற்று எழும்பியது. சோளகம். அவர் அதற்கு முகத்தைக் கொடுத்தபடி பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசிப் பொத்தானில் கை நின்றது.

"நீ வருவாய் எண்டு எனக்குக் கடைசிவரைக்கும் நம்பிக்கை இருந்தது" என்றார். "அண்ணனுக்கும் இருந்திருக்கும்."