செம்பான ஆணி

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை பதினொரு மணிக்கு மாப்பிள்ளை சமையலறையில் விஞ்ஞானத்தை நிலைநாட்டவிருக்கிறார். மின்சாரத்தால் இரும்பு ஆணிக்குச் செம்பு பூசுவதாக மனைவியின் அண்ணனிடம் பந்தயம். தோற்றவர் ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும்.

ஆணியில் கம்பியைச் சுற்றி, செம்பு கலந்த நீல மயில்துத்தக் கரைசலில் இறக்கி, பேட்டரிப் பெட்டியின் பொத்தானைக் கம்பீரமாக அழுத்தினார். சற்று நேரத்தில் ஆணி செக்கச்செவேலென்று வெளியே வந்தது.

“மச்சான், தேய்க்கிற நாரை எடுங்க!” என்று குதித்தார்.

மச்சான் பெட்டியைத் திறந்தார். “மாப்ளே, உள்ள பேட்டரியே இல்லையே!”

கரைசலிலுள்ள செம்புக்கு எலக்ட்ரானைத் தாரை வார்த்து, அந்தச் செம்பையே இழுத்துப் போர்த்திக்கொள்ள இரும்புக்குப் பேட்டரியின் தயவு தேவையில்லை. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளைக்கும் அடக்க முடியவில்லை.

ஆனால் பந்தயம் மின்சாரத்தால் பூசுவது என்பதுதான். ஒரு மாதம் மாப்பிள்ளைதான் பாத்திரம் கழுவினார்.