மச்சானைத் திட்டிய வரி

யூஎஸ்பி தராசு ஒன்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. எடையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. சொல்ல வைக்கும் டிரைவர் மென்பொருள் என் வேலை. கேபிளைக் கழற்றிச் செருகினால் பத்தில் மூன்று முறை பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிடும். பதினோரு மணிக்கு வாடிக்கையாளர் கம்பெனியின் இன்ஜினியரம்மா வருகிறார். அவர் முன்னால் தராசு நின்றுபோனால், தற்காலிக வேலையில் இருக்கும் என் சீட்டு கிழிந்துவிடும். வேலையை வாங்கித் தந்தவர் பக்கத்து மேசை மச்சான், என் மனைவியின் அண்ணன். டிரைவரை முதலில் எழுதியவரும் அவரே.

எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு கட்டத்திலும் திரைக்கு ஒரு வரி அனுப்பும்படி எழுதினேன். 'வந்தாச்சு', 'ரீசெட் ஆச்சு' என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். இருபதாவது வரியில் வாய்க்கொழுப்பு விரலுக்கு இறங்கிவிட்டது. தராசை முதலிலிருந்து தொடங்க வைக்கும் அந்த ரீசெட்டை அடுத்து, 'மச்சான் எழுதின மண்ணாங்கட்டி இங்கே ஆரம்பம், கடவுளே காப்பாத்து' என்று போட்டேன்.

அதன் பிறகு தராசு நிற்கவே இல்லை. முப்பது முறை செருகினேன், சமர்த்தாக எடை சொன்னது. எல்லா வரிகளையும் அழித்தால் நின்றது. மச்சான் வரியை மட்டும் திருப்பிப் போட்டால் ஓடியது. அதையே நாகரிகமாக 'சரி' என்று சுருக்கினேன், மறுபடி நின்றது. வேறு வழியில்லாமல் பழையபடி திட்டிவிட்டு நிமிர்ந்தால், எதிரே இன்ஜினியரம்மா.

அவரே செருகினார். எடை வந்தது. கூடவே அந்த வரியும் வந்தது. சத்தமாகப் படித்தார். எனக்குக் காது சுட்டது. மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத எடுத்தா நிக்குதா?"

"ஆமாங்க."

"நீளமான வரி, எழுதி முடிக்க நேரமாகுது. ரீசெட்டுக்கு அப்புறம் தராசுக்கு அந்த அவகாசம் வேணும். அங்க ஒரு இடைவெளி விட்ருக்கணுமே, யாரு விடாதது?"

மச்சான் தன் கம்ப்யூட்டரில் பழைய மாற்றங்களின் பட்டியலைத் திறந்தார். எனக்கும் தெரிந்தது. அவர் இடைவெளி விட்டுத்தான் எழுதியிருந்தார். போன மாதம், வேகம் கூட்டுகிறேன் பேர்வழி என்று அதை அழித்தவன் நான்.

மச்சான் பட்டியலை மூடிவிட்டு இன்ஜினியரம்மாவிடம் திரும்பினார்.

"நான்தாங்க. இன்னிக்கே சரி பண்ணிடறோம்."

இன்ஜினியரம்மா தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மச்சான், மன்னிச்சிடுங்க. உங்கள இப்படி..."

"விடுங்க மாப்ள. ஆபீஸ்ல உங்கள காப்பாத்தியாச்சு," என்றார். "வீட்டுக்குத்தான் ஒண்ணும் பண்ண முடியாது. அந்த வரிய ஃபோட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பிட்டேன்."