அளந்தவர் பெயர்

1.

இந்தக் கதை ஓர் அலுவலக அறிக்கையாகத் தொடங்கியது. தலைப்பு: ‘கிணற்று நீர்மட்டத்தை வரைபடமாகக் காட்டும் இரண்டு மென்பொருள்கள்: ஓர் ஒப்பீடு’. இரண்டு பக்கம் போதும் என்றார்கள். முதல் பக்கம் ஒழுங்காக வந்தது. இரண்டாம் பக்கத்தில் ‘பரிந்துரை’ என்று எழுதி அடிக்கோடு போட்டதும் நின்றுவிட்டது. அந்த அடிக்கோட்டுக்குக் கீழே வரவேண்டியதுதான் இது.

சில தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

மலைமேல் மேகம் இறங்கியிருந்த ஓர் ஆகஸ்ட் காலையில் —

(வேண்டாம். திருவண்ணாமலையில் எதை எழுத உட்கார்ந்தாலும் மலை வந்து முதல் வரியில் உட்கார்ந்துகொள்கிறது.)

முருகவேலின் மனைவி இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அவன் —

(இப்படித் தொடங்கினால் உடனே இரக்கப்படுவீர்கள். அவன் செய்தது தெரிந்த பிறகு இரக்கப்படலாம். படாமலும் இருக்கலாம்.)

முருகவேல் ஒரே கிணற்றின் இரண்டு வரைபடங்களைத் திரையில் பக்கத்துப் பக்கத்தில் திறந்தான்.

இது இருக்கட்டும்.

2.

வருடம் 2006. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்த் தெருவில் ஒரு தொண்டு நிறுவனம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பன்னிரண்டு கிணறுகளில், மாதாமாதம் ஐந்தாம் தேதி, விளிம்பிலிருந்து தண்ணீர்வரை எத்தனை அடி என்று அளப்பது அதன் வேலைகளில் ஒன்று. போன வருடம்வரை நாடாவை இறக்கி அளந்தவள் நந்தினி. கணினியில் ஏற்றியவன் அவள் கணவன் முருகவேல். அவள் நோட்டைப் பார்த்துப் படிப்பாள், அவன் அடிப்பான்.

“இருபத்தி மூணு.”

“ம்.”

“பத்தொம்பதரை.”

“ம்.”

“ம் தவிர வேற எதுவும் வாயில வராதா உங்களுக்கு?”

“அடுத்த கெணறு சொல்லு.”

[இந்த உரையாடலை நீட்டிப் பார்த்தேன். ஒரு சிரிப்பும் ஒரு டீயும் சேர்த்தேன். எடுத்துவிட்டேன். அவர்கள் அவ்வளவுதான் பேசினார்கள்.]

2005 ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் —

(இந்த வாக்கியத்தை நான்கு முறை முயன்றேன். ஒருமுறை ‘என் மனைவி’ என்றுகூட வந்துவிட்டது. திருத்தினேன். கதை அவனுடையது.)

3.

அறிக்கையின் முதல் பக்கத்திலிருந்து:

ஒரு மென்பொருள் நீல உறையில் வந்தது, இன்னொன்று சிவப்பு உறையில். அலுவலகத்தில் அவற்றின் பெயரே நீலம், சிவப்பு என்றாகிவிட்டது. சிவப்பு வேகமானது. படம் பளிச்சென்று இருக்கும், அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாம். நீலம் மந்தம். கோடு வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் நீலத்தில் மௌசைக் கோட்டின்மேல் எங்கே வைத்தாலும் ஒரு சின்ன மஞ்சள் பெட்டி திறக்கும். தேதி, ஆழம், அளந்தவர் பெயர். சிவப்பு அதைச் சொல்லாது.

இதுவரை நல்ல அறிக்கை.

4.

நிறுவனத்தை நடத்துபவர் சந்திரகலா மேடம். படம் கிணற்றுக்காரருக்கே புரிய வேண்டும், இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் வேண்டாம் என்பது அவர் கட்சி. அதனால் திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்க வந்திருந்த அப்பாசாமியைப் பரசுராமன் கையோடு அழைத்துவந்தான். அப்பாசாமி ஏழாம் கிணற்றுக்குச் சொந்தக்காரர். பரசுராமன், நந்தினிக்குப் பிறகு அளக்கச் சேர்ந்தவன்.

“உக்காருங்க பெரியவரே. உங்க கெணத்த டிவில காட்டப் போறோம்.”

“அதுக்கு டிவி எதுக்குடா? எட்டிப் பாத்தா தெரியுது.”

முருகவேல் நீலத்தைத் திறந்தான். கோடு மெல்ல வந்து சேர்ந்தது.

“கோடு மேல ஏறுனா தண்ணி மேல,” என்றான் பரசுராமன்.

அப்பாசாமி திரையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். சித்திரைக்குத் தலையாட்டினார். ஆடிக்கும் ஆட்டினார். பிறகு விரல் நின்றது.

“இது இன்னா மாசம்?”

“டிசம்பர் அஞ்சு. கார்த்திகைனு வெச்சுக்கங்க.”

“தீபத்துக்கு மின்னயே கெணறு நெரம்பி வழிஞ்சிச்சேப்பா. குனிஞ்சி சொம்புல மொண்டோம். இங்க இன்னாடான்னா பாம்பாட்டம் படுத்துக் கெடக்குது?”

“நான் அளக்கலப்பா. நான் தையிலதான் சேந்தேன். யாருனு பாத்துடலாம்.” பரசுராமன் சிரித்துக்கொண்டே மௌசை வைத்தான். மஞ்சள் பெட்டி திறந்தது. சத்தமாகப் படித்தான்: “இருபத்தொண்ணரை அடி. அளந்தவர், நந்தினி.”

படித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

“அந்தப் பொண்ணு ஐப்பசிலயே…” என்றார் அப்பாசாமி. முடிக்கவில்லை.

மேடம் முருகவேலைப் பார்த்தார்.

“சாஃப்ட்வேர் கோளாறு மேடம்,” என்றான்.

“சிவப்புல இப்படி வராதில்ல?”

“வராது.”

அது உண்மை. சிவப்பு யார் பெயரையும் சொல்லாது.

“அப்ப சிவப்பே வாங்கிடலாம். நீலத்துல கோளாறுனு தெளிவா எழுதி நாளைக்குக் காலைல குடுத்துடுங்க. மத்த ஊர் ஆபீசுக்கும் அனுப்பணும்.”

அப்பாசாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “ஏரி நெரம்புனா எங்க கெணறு ஏறும், தூர்வாரிக் குடுங்கனு இப்பதான் மனு குடுத்துட்டு வரேன். உங்க கோடு ஏறவே இல்லனு சொல்லுது. பாத்து செய்ங்கப்பா.”

5.

கோளாறு எதிலும் இல்லை.

போன வருடம் நவம்பர் ஐந்தாம் தேதி முருகவேல் பழக்கப்படி படிவத்தைத் திறந்தான். படித்துச் சொல்ல ஆள் இல்லை. முந்தைய வருடங்களின் எண்களைக் கூட்டி வகுத்துப் பன்னிரண்டு கட்டங்களையும் நிரப்பினான். பெயரை அவன் அடிக்கவில்லை. போன மாதப் பெயரைப் படிவம் தானே போட்டுக்கொள்ளும். அவன் அதை எடுக்கவில்லை. டிசம்பரில் எடுக்கவில்லை. ஜனவரியிலும் எடுக்கவில்லை.

வெளியே மழை பெய்ததை அவன் கவனிக்கவில்லை என்று எழுதினால் பொய். தினமும் குடை பிடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனான்.

[இவனை நம்புவது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அதனால் ஓர் இடத்தில் அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அந்த மூன்று மாதமும் அவன் நன்றாகத் தூங்கினான்.]

6.

முடிவு ஒன்று: சிவப்பைப் பரிந்துரைக்கிறான். நீலம் கோளாறானது என்று ஊர் ஊராகக் கடிதம் போகிறது. நந்தினி ஜனவரிவரை கிணறு அளக்கிறாள். அப்பாசாமியின் மனுவுக்கு எதிராக அவருடைய கிணறே சாட்சி சொல்கிறது.

முடிவு இரண்டு: மேடத்திடம் சொல்லிவிடுகிறான். “பரவால்ல முருகவேல்,” என்கிறார்.

(அவர் அப்படித்தான் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமே என்றுதான் இந்த முடிவை எழுதாமல் விட்டேன்.)

முடிவு மூன்று: மூன்று மாதத்தையும் அழித்துவிட்டு நீலத்தைப் பரிந்துரைக்கிறான். எண் இல்லாத மாதங்களில் சிவப்பு என்ன செய்யும் என்று சோதித்திருக்கிறான். அக்டோபரையும் பிப்ரவரியையும் நேர்கோடு போட்டுச் சேர்த்துவிடும். நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. நீலம் அக்டோபரில் அறுந்து, வெள்ளை இடம் விட்டு, பிப்ரவரியில் பரசுராமன் பெயரில் மறுபடி தொடங்கும்.

ஆனால் வரியை அழித்தால் எண்ணோடு பெயரும் போகும். பெயரை மட்டும் வைத்துக்கொள்ள வழி உண்டா என்று அரை நாள் தேடினான். இல்லை.

7.

திங்கள் மாலை ஆறு மணி. எல்லோரும் போய்விட்டார்கள். மூன்று மாதத்து முப்பத்தாறு வரிகளையும் தேர்ந்தெடுத்துவிட்டான். ‘அழிக்கவா?’ என்று திரை கேட்கிறது. ஆம். இல்லை.

அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். அவனைத் திரும்ப அழைத்துவர என்னால் முடியவில்லை.

நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள். எதை அழுத்துவது என்பது உங்கள் விருப்பம். அதற்குமுன் அந்த முப்பத்தாறையும் ஒருமுறை சத்தமாகப் படித்துவிடுங்கள், ஒவ்வொன்றாக.

‘ம்’ சொல்ல நான் இருக்கிறேன்.