சும்மா கிடக்கும்போது எண்பத்து நான்கு

முந்திய நாள் காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குக் கிராபிக்ஸ் கார்ட்டின் சூடு எண்பத்து நான்கு பாகை என்று தாளில் இருந்தது. ஜிப்ரி அந்த வரியின் கீழே பேனையால் கோடு போட்டான்.

“அந்த நேரம் என்னக்கா செஞ்சீங்க?”

“ஒண்டும் செய்யல்ல. சும்மாதான் கெடந்திச்சி,” என்றாள் புஸ்பம்.

இந்தச் ‘சும்மா’வை அவன் ஐந்தாவது தடவையாகக் கேட்கிறான். கலியாண வீடியோவை வெட்டி ஒட்டும்போது சூடு அறுபத்திரண்டு. ஒன்றும் செய்யாமல் கிடக்கும்போது எண்பத்து நான்கு. அணைத்த அடுப்பில் உலை கொதிப்பதைப் போலிருந்தது.

மண்டூரில் போட்டோ ஸ்டூடியோ நடத்தும் அவளுக்குக் கொம்பியூட்டரை விற்றவன் அவன். சுனாமிக்குப் பிறகு கல்லாற்றில் வீடு கட்டிக்கொடுக்க வந்த ஒரு தொண்டு நிறுவனம், போகும்போது விட்டுப்போனவற்றில் அது ஒன்று. மூன்று வருடம் ஒழுங்காக ஓடியது. 2009 மே மாதத்துக்குப் பிறகுதான் சூடு ஏறத் தொடங்கியது. எப்போதிருந்து என்று முதல் நாளே கேட்டிருந்தான். சண்டை முடிந்த கிழமையிலிருந்து என்றாள். அவன் அதைத் திகதியாகக் குறித்துக்கொண்டான்.

ஆனியில் முதல் கார்ட் எரிந்தது. தன் கடையில் இருந்த இரண்டாவதைக் கொண்டுவந்து போட்டான். மூன்றாவது கிடையாது. இந்தப் பழைய போர்ட்டில் பொருந்தும் கார்ட் இப்போது கொழும்புக்கும் வருவதில்லை. இதுவும் எரிந்தால் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று புஸ்பம் முடிவெடுத்திருந்தாள். பாஸ்போட் ஏஜென்டிடம் இருந்தது. மகள் கம்சாயினியை வெல்லாவெளியில் தமக்கையிடம் விடுவதாகப் பேச்சு. இதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் ஜிப்ரிக்குக் கூடுதல் எரிச்சலாக இருந்தது.

அவன் கடை இருக்கும் ஓட்டமாவடியிலிருந்து மண்டூருக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டரை மணித்தியாலம். வழியில் நான்கு இடத்தில் இறங்கி அடையாள அட்டை காட்ட வேண்டும். குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கும் மிதவைப் படகான பாதைக்குக் காத்திருக்க வேண்டும். பாதை ஓட்டும் சாமித்தம்பி மூன்றாம் பயணத்திலேயே கதையை விசாரித்து அறிந்துவிட்டான்.

“டொக்டர் வாறாரு,” என்று இன்று காலை ஏறியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். “இண்டைக்காவது புஸ்பத்துர பொட்டிக்குக் காச்சல் இறங்குமோ?”

“பெனடோல் இரிந்தாத் தாங்க. நான் போட்டுக்கிறன்,” என்றான் ஜிப்ரி.

சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

இந்த இரண்டாவது கார்ட்டுக்காக வந்த முதல் பயணத்தில் தூசு. வெள்ளிக்கிழமைகளில் கடைக்குள் காட்டிய சாம்பிராணிப் புகை கார்ட்டின் அலுமினியத் தகடுகளுக்கிடையில் பிசினாகப் படிந்திருந்தது. மண்ணெண்ணெய் தொட்ட பல்துலக்கியால் இரண்டு மணித்தியாலம் தேய்த்தான். கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தான். சாம்பிராணி கூடாது என்றான். அவள் நிறுத்தினாள். மூன்றாம் நாள் தொலைபேசியில் எண்பத்திரண்டு என்றாள்.

இரண்டாம் பயணத்தில் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதியது தடவினான். காற்றாடியையும் மாற்றினான். தகரக் கூரையைக் குற்றம் சொல்லி, அதன் கீழே தென்னோலைக் கிடுகு கட்டச் சொன்னான். கட்டினாள். மூன்றாவதில் கார்ட்டைக் கழற்றித் துணியில் சுற்றி ஓட்டமாவடிக்கே கொண்டுபோய்த் தன் கொம்பியூட்டரில் போட்டான். ஒரு பகல் முழுக்கச் சும்மா விட்டான். நாற்பத்தொன்பது. நான்காவதில் திருப்பிக் கொண்டுவந்து போட்டான். அவன் பக்கத்தில் இருந்தவரை ஐம்பத்தைந்து. வீட்டுக்குப் போய் இறங்குவதற்குள் எண்பத்து மூன்று.

நல்ல வேளையாக அந்தத் தடவை புறப்படுமுன், நிமிடத்துக்கு ஒரு முறை சூட்டை எழுதிவைக்கும் ஒரு சிறிய புரோகிராமை ஏற்றிவிட்டுப் போயிருந்தான். இன்று வந்தவுடன் அதை அவளுடைய பிரின்டரிலேயே எடுத்தான். பதினொரு தாள்.

ஜிப்ரி தாள்களை மேசையில் பரப்பினான். புஸ்பம் கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தாள். சண்டை முடிந்த பிறகு கலியாணத்தைவிட இந்த வேலைதான் அதிகம் வந்தது. அடையாள அட்டையில் இருக்கும் சின்னப் படத்தைக் கொண்டுவருவார்கள். அதைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானம் வைத்து, சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆள் இறந்துவிட்டாரா என்று அவள் கேட்பதில்லை. “மாலை போடட்டா?” என்று கேட்பாள். ஓம் என்றால் போடுவாள். அவளிடம் ஒரே ஒரு செவ்வந்தி மாலைதான் இருந்தது, கொம்பியூட்டருக்குள். எல்லாருக்கும் அதுதான். வேண்டாம் என்றவர்கள் படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை, அலுமாரிக்குள் வைத்துக்கொள்வார்கள். மாலை இல்லாமல் மாட்டினால் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள்.

அவளுடைய புருஷன் தவேந்திரன் போன வருடம் மாசியில் பிரின்டர் மை வாங்கப் பாதை ஏறிக் களுவாஞ்சிக்குடிக்குப் போனவர். மோட்டார் சைக்கிள் சந்தைக்குப் பின்னால் கிடந்தது. அவர் வரவில்லை. ஜிப்ரிக்கு அது தெரியும். அதைப் பற்றிப் பேசியதில்லை. அவன் வந்தது கார்ட்டுக்கு.

நாலாவது தாளில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. சூடு ஏறுகிற ஒவ்வொரு இடத்திலும் மெதுவாக ஏறியது. இறங்குகிற இடத்தில் வெட்டினாற்போல இறங்கத் தொடங்கியது. மத்தியானம் ஒன்று ஐந்துக்கு ஏறத் தொடங்கி இரண்டு பத்துவரை எண்பத்து நாலிலேயே நின்றது. இரண்டு பதினொன்றிலிருந்து விழுந்தது.

நேற்று இரண்டு பத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டான். யோசித்தாள். ஒரு பொடிச்சி பரீட்சைக்குப் படம் எடுக்க வந்தாள் என்றாள். பத்தே முக்காலுக்கு? தபால்காரன் வந்தான். நாலரைக்கு? யாரும் வரவில்லை, றோட்டால் ஆரோ போனார்கள்.

றோட்டில் ஆள் போனால் சூடு இறங்கும் கார்ட்டை ஜிப்ரி எங்கும் பார்த்ததில்லை.

“நீங்க மவுஸ விட்டுட்டு இஞ்சால வாங்க,” என்றான். “சும்மா கெடக்கட்டும். நானும் பாக்கிறன்.”

அவள் எழும்பவில்லை. தேத்தண்ணி போடட்டா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். இன்னும் இரண்டு படம் முடிக்க இருக்கிறது என்றாள். பிறகு முடிக்கலாம் என்றான். கடைசியில் எழும்பி வந்து சுவரோரம் நின்றாள்.

இரண்டு பேரும் திரையையும் அதன் மூலையில் தெரியும் சூட்டு எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அறுபது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. ஐந்து பயணத்திலும் இப்படிச் சும்மா உட்காரவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வந்தவுடன் பெட்டியைத் திறந்துவிடுவான். நாலாவது நிமிடம் வெளியே சரளைக் கல்லில் காலடி கேட்டது. புஸ்பம் மேசைக்குப் பாய்ந்து மவுஸில் கை வைக்கப் போனாள்.

“தொடாதீங்க.”

“ஆரோ வாறாங்க தம்பி.”

“வரட்டும். தொடாதீங்க.”

காலடி கடையைத் தாண்டிப் போனது. அவளுடைய கை மவுஸுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

திரை கறுத்தது. நடுவில் ஒரு பெட்டி தோன்றிச் சுழன்றது. ஆறு பக்கத்திலும் ஒரே படம். அடையாள அட்டைக்கு எடுத்த படம், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. ஒரு முகம் விலக அடுத்தது முன்னால் வந்தது. விளிம்புகளில் வெளிச்சம் ஓடியது, கீழே தண்ணீரில் விழுந்ததைப் போல நிழல் அசைந்தது. காற்றாடி இரையத் தொடங்கியது. மூலையில் எண் ஏறியது. அறுபத்தாறு. எழுபத்தொன்று.

யாரும் தொடாமல் விட்டால் திரையில் தானாக ஓடும் ஸ்க்ரீன் சேவர். அல்பம் செய்வதற்கென்று அவள் வாங்கிய சீடியோடு வந்தது. இப்படி ஒரு பெட்டியைச் சுழற்றிக் காட்டுவதற்கு, வீடியோ வெட்டுவதைவிடக் கார்ட் பாடுபட வேண்டும். ஒரு சின்னப் பிள்ளையும் முதலில் பார்க்கிற இடம். ஜிப்ரிக்குத் தன்மேல் வந்த கோபம் அவள்மேல் வந்த கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் கேட்காமலே சொன்னாள். மே மாதம், முகாம்களில் இருக்கிற ஆட்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வருவார்கள் என்று கதை வந்த கிழமை அதைப் போட்டாளாம். புருஷனுடைய மற்றப் படங்களையெல்லாம் சுனாமியில் கல்லாற்று வீட்டோடு கடல் கொண்டுபோய்விட்டது, பிறகு அவர் தன்னைப் படம் எடுக்கவே இல்லை, மிஞ்சியது இது ஒன்றுதான். வேலை இல்லாதபோது பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனியில் துறையடிக் காவலரணிலிருந்து இரண்டு பேர் படம் எடுக்க வந்து, இது யார் என்று கேட்டார்கள். படத்தைச் செய்யக் கொடுத்துவிட்டு வாங்க வராத ஒரு ஆள் என்றாள். அதற்குப் பிறகு காலடி கேட்டால் மவுஸை அசைத்துவிடுவாள்.

“ஒங்கட மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் அசைப்பன்.”

“அஞ்சு தரம் வந்திரிக்கன் அக்கா. அஞ்சு தரமும் கேட்டன், என்ன செய்யிது எண்டு.”

“இது வேலை இல்லயே தம்பி. சும்மா கெடக்கக்குள்ள வாறது.”

அவனுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. எண் எண்பத்து மூன்றுக்கு வந்திருந்தது. மவுஸைப் பிடித்து அந்தப் பெட்டியை நீக்கினான். பிறகு யோசித்து, அதே படத்தைத் திரையில் நிற்க மட்டும் வைத்தான். சுழற்சி இல்லை, வெளிச்சம் இல்லை, நிழல் இல்லை. இதற்குக் கார்ட் ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஒரு நிமிடத்துக்குப் பிறகு தோன்றும்படி மாற்றிவிட்டு மறுபடியும் கையை எடுத்தான்.

படம் வந்தது. கறுப்பின் நடுவில் நின்றது. எழுபத்தைந்து, அறுபத்து நாலு, ஐம்பத்தேழு. கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்து நாலில் நின்றது. காற்றாடியின் சத்தம் அடங்கிவிட்டது. ஜிப்ரி பதினொரு தாளையும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

“இனி எரியாது,” என்றான். “ஏஜென்டுக்கிட்ட பாஸ்போட்டத் திருப்பிக் கேளுங்க. குவைத்துக்குப் போகத் தேவல்ல.”

புஸ்பம் தலையை ஆட்டினாள். மேசைக்குக் கிட்ட வந்து, திரையின் நாலு விளிம்பையும் பார்த்தாள். கறுப்புச் சட்டத்துக்குள் முகம் அசையாமல் இருந்தது.

“இப்ப இது சுவரில மாட்டின படம் மாதிரி நிக்கிது தம்பி,” என்றாள். “மாலை போடட்டா?”